பதினைந்து நிமிட வேலைக்கு ஒரு ஜெப விண்ணப்பம்

குடும்பக் கட்டுப்பாட்டைக் குறித்து எங்கள் காலத்தில் மிகுதியாகப் பேசியவர்கள், அதனால் யாதொரு லாபமும் நஷ்டமும் அடைய வேண்டியிராத பெருமக்களே ஆவர். மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு அதிகாரிகள் பேசினார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஆண்கள் பேசினார்கள். ஊரிலிருந்து வந்த கடிதங்களில் மாமனார்கள் பேசினார்கள். பெற வேண்டியவளாகிய என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே, அறுபதுகளில் வழக்கிலிருந்த முறைகள் அனைத்தையும் ஏறக்குறைய ஒவ்வொன்றாகப் பரீட்சித்துப் பார்த்தவள் என்னும் ஒரே தகுதியைக் கொண்டு, அவற்றின் குணதோஷங்களை இங்கே எழுதத் துணிகிறேன்.

நாங்கள் பம்பாயில், மாட்டுங்கா லேபர் கேம்பில் ஓர் அறையில் குடியிருந்தோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் நான், என் கணவர், மூன்று பிள்ளைகள், குர்லாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த என் கொழுந்தன் ஆகிய ஆறு பேர். என் பழைய சேலை ஒன்று குறுக்கே கட்டப்பட்டு, ஓர் அறையை இரண்டு அறைகளாகப் பாவித்துக்கொள்ளும்படி எங்களைக் கேட்டுக்கொண்டது. என் கணவர் பஞ்சாலையில் பொதி இறக்கும் பிரிவில் இருந்தார். நல்ல மனிதர். குடிப்பழக்கம் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார். உலகத்தில் இரண்டே இரண்டுக்குத்தான் அவர் அஞ்சினார்: ஒன்று ஊசி, மற்றொன்று நாலு பேர் சிரிப்பு.

மூன்றாவது பிரசவத்தில் எனக்கு உதிரம் நிற்கவில்லை. நான்கு நாட்கள் கழித்துக் கண் விழித்தபோது, கட்டிலின் அருகே மராத்தி டாக்டரம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவர் இந்தியில் ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. எனவே மூன்று விரல்களைக் காட்டித் தலையசைத்தார். நான்காவது விரலைக் காட்டினார். பிறகு அதே விரலை என் பக்கம் நீட்டி, மேற்கூரையை நோக்கி உயர்த்தினார். உலகத்தில் எந்த மொழியிலும் அதைவிடத் தெளிவாக ஒரு செய்தியைச் சொல்ல முடியாது. அடுத்த பிள்ளை வந்தால் நான் போவேன்.

என் கணவர் தம் பம்பாய் இந்தியில், "டாக்டர் பாய், இஸ்கோ தாக்கத் கா தவா தேவ்" என்று எனக்குச் சத்து மருந்து கேட்டார்.

"தவா தும்கோ தேனா சாஹியே" என்றார் அந்த அம்மாள். மருந்து கொடுக்க வேண்டியது உமக்குத்தான் என்று பொருள். என் கணவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னைத் தேற்றினார். "ஏளா, நம்ம ஊர்ல பத்து, பன்னெண்டுன்னு பெத்தவ எத்தனை பேரு இருக்கா. எல்லாரும் செத்தா போயிட்டா?"

"செத்தவ எந்திரிச்சு வந்து சொல்லுவாளா?" என்றேன்.

பிள்ளை வராமல் தடுப்பது எவ்வாறு என்ற ஆராய்ச்சி அன்றே தொடங்கியது.

முதலாவது, எதிர் அறையில் இருந்த அக்காள் கூறிய தாய்ப்பால் முறை. "ஏட்டி, பால் குடுக்கவளுக்குப் பிள்ளை தங்காது. டாக்டரச்சிக்கு என்ன தெரியும்? நான் எல்லாத்தையும் அப்படித்தான் வளத்தேன்" என்றாள். அம்முறையின் வெற்றிக்கு அவளுடைய ஏழு பிள்ளைகளும் வாசலில் வரிசையாக நின்று சாட்சி கூறினார்கள்.

இரண்டாவது, தூரத்து முறை. மனைவியைத் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊரில் விட்டுவிட்டு, தாராவியிலும் கேம்பிலும் தனியாளாய் இருந்து உழைப்பவர்கள் அநேகர். இடையில் ஆயிரம் மைல் இருக்கிறபடியால் இதைவிட உறுதியான தடுப்பு வேறில்லை என்று எவரும் எண்ணக்கூடும். ஆனால் அவர்கள் ஒவ்வொரு மே மாதமும் லீவில் ஊருக்குச் சென்று வந்தார்கள். அதன் பயனாக, பிப்ரவரி மாதம் பிறந்தால் கேம்பில் மிட்டாய்க்குப் பஞ்சமே இராது. ஆண்டு முழுவதும் கட்டுப்பாடாய் இருந்துவிட்டு ஒரே மாதத்தில் அத்தனையையும் ஈடுகட்டிவிடும் திறமை எங்கள் ஆண்களுக்கு இருந்தது. "உன்னை ஊருக்கு அனுப்பிரட்டுமா?" என்று என் கணவரும் ஒருநாள் கேட்டார். இருந்தாலும் சாக வேண்டும், போனாலும் மறு மே மாதத்தில் சாக வேண்டும் என்றால் ரயில் கட்டணம் எதற்கு என்று மறுத்துவிட்டேன்.

மூன்றாவது முறை என் கணவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. மில்லில் ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும். அவர் ஒருநாள் மிகுந்த கம்பீரத்தோடு வந்து, "இனி மூணாவது ஷிப்டே நமக்குப் போதும்னு எழுதிக் குடுத்துட்டேன். ராத்திரி நான் வீட்டுலயே இருக்கப்போறதில்ல. பெறவு எங்கிருந்து வரும் பிள்ளை?" என்றார்.

செய்தி குழாயடிக்குப் போயிற்று. "புருசன்னா இப்பிடில்லா இருக்கணும். பொண்டாட்டிக்காவ ஒறக்கத்தையே விட்டுட்டாரே" என்று அக்காள் உருகினாள். நானும் சற்றே உருகினேன் என்பதை மறைப்பதற்கில்லை.

இதிலிருந்த பிழை ஒரு வாரத்தில் வெளிப்பட்டது. இரவிலே ஆறு பேர் நெருக்கிப் படுத்த அந்த அறை, காலை எட்டு மணிக்குமேல் எப்படி இருக்கும் என்று நாங்கள் யோசித்துப் பார்த்திருக்கவில்லை. கொழுந்தன் குர்லாவுக்குப் போய்விடுவான். பெரியவர்கள் இருவரும் பள்ளிக்கூடம். கடைக்குட்டியை அக்காளின் மூத்த மகள் கொஞ்சுவதற்கென்று தூக்கிக்கொண்டு போய்விடுவாள். என் கணவர் வேலை முடிந்து வந்து குளித்து உட்காருவார். திருமணமாகி ஒன்பது ஆண்டுகளில் எங்களுக்கென்று ஓர் அறை கிடைத்தது அப்பொழுதுதான். இரவு ஷிப்டு வாங்கியவர்களுக்கு ஏன் அத்தனை பிள்ளைகள் என்று கேம்பிலே யாருக்கும் விளங்காமல் இருந்த ஒரு விஷயம் எனக்கு விளங்கிற்று. அடுத்த மாதம் எனக்குப் பத்து நாள் தள்ளிப்போயிற்று. அந்தப் பத்து நாட்களும் நான் உண்ணவில்லை. பதினோராம் நாள் கடவுள் இரங்கினார். என் கணவர் மறுபடியும் எழுதிக் கொடுத்துப் பழையபடி மாறும் ஷிப்டுக்கே வந்து சேர்ந்தார். தியாகம் வாபஸ் பெறப்பட்டது.

நான்காவது, நாட்கணக்கு முறை. மாதத்தில் இன்னின்ன நாட்கள் ஆபத்தானவை, மற்றவை ஆபத்தற்றவை என்று, கையில் தோல்பையும் காலில் ரப்பர் செருப்புமாக எங்கள் கேம்புக்கு வந்துகொண்டிருந்த சுகாதார இலாகாப் பெண் கற்றுக்கொடுத்தாள்; பம்பாய் வழக்கப்படி அவளைச் சுகாதாரப் பாய் என்போம். அவளும் மராத்திக்காரி; விரல்விட்டு எண்ணிக் காட்டுவாள். நான் கதவருகே மாட்டியிருந்த காலண்டரில் ஆபத்தான நாட்களுக்குப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். இதைக் கணவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டுமே? கொழுந்தன் சோறு தின்றுகொண்டிருக்கிறான், பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆதலால் சமையல் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, "காலண்டர்ல பெருக்கல் போட்டிருக்க நாளைக் கவனிச்சுக்கிடுங்க" என்றேன். அவர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி, புரிஞ்சிட்டு" என்றார். உள்ளபடியே புரிந்துகொண்டார். மூன்று மாதம் இம்முறை அழகாக நடந்தது.

நான்காம் மாதம் பிறந்தபோது காலண்டரில் குறிகள் முன்கூட்டியே போடப்பட்டிருந்தன. நான் என் கணவர்தாம் அக்கறையாய்ப் போட்டிருக்கிறார் என்று எண்ணி மகிழ்ந்தேன். அவர் நான் போட்டதாக எண்ணினார். நாலு பேர் கேட்க, "இது நீங்க போட்டியளா?" என்று விசாரிக்கத்தக்க விஷயமா அது? இருவரும் மௌனமாய்க் குறிகளுக்குக் கீழ்ப்படிந்தோம்.

அதற்கு அடுத்த மாதம் எனக்குத் தள்ளிப்போயிற்று. இம்முறை பதினோராம் நாளும் வந்தது, இருபதாம் நாளும் வந்தது, கடவுள் வரவில்லை.

என் கணவர் காலண்டரின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார். அப்பொழுது கொழுந்தன் தானாகவே, "என்னண்ணே பாக்கிய? சரியாத்தான போட்டிருக்கேன்?" என்றான்.

"நீயாலே போட்ட?"

"பின்னே? மைனிதான் மாசாமாசம் கஷ்டப்பட்டுப் போட்டுக்கிட்டிருந்தா. ஒனக்கு ராத்திரி டூட்டி எந்த வாரம்னு நானே கணக்குப் பாத்துப் போட்டுட்டேன். ஒரு ஒத்தாசைதான!"

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஓர் அறையில் வசித்தால் ஒத்தாசை அப்படித்தான் வரும். என் உடம்பின் நாட்களைப் பஞ்சாலையின் ஷிப்டு மாற்றம் நிர்ணயித்துவிட்டது, அவ்வளவே.

மூன்றாம் மாதம், ரேஷன் வரிசையில் நிற்கும்போது அது தானாகவே கலைந்தது. என்னை டாக்ஸியில் போட்டுக்கொண்டு போனார்கள். கணவரும் அவருடன் பொதி தூக்கும் நால்வரும் ரத்தம் கொடுத்தார்கள். ஊசிக்கு அஞ்சும் மனிதர் அன்று ஊசியைப் பார்த்தபடியே கையை நீட்டினார் என்று பிற்பாடு சொன்னார்கள். அதே டாக்டரம்மாள் வந்தார். இம்முறை விரல் எதையும் காட்டவில்லை. என் கணவருடைய முகத்தையே சற்றுநேரம் பார்த்துவிட்டுப் போனார். கணவர் அன்று சிரிக்கவில்லை.

இதன்பின் நான் விஞ்ஞானத்தைச் சரணடைந்தேன். சுகாதாரப் பாய் தன் தோல்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள்.

முதலில் நுரை மாத்திரை. ஈரம் பட்டால் பொங்கி நுரைக்கும். பெண்கள் உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். பம்பாயின் ஜூலை மாதத்தை அறியாத ஏதோ ஒரு வறண்ட தேசத்தில் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். மழை பிடித்த இரண்டாம் வாரம் டப்பாவைத் திறந்தேன். மாத்திரைகள் அனைத்தும் தங்கள் கடமையை டப்பாவுக்குள்ளேயே நிறைவேற்றிவிட்டு வெள்ளைக் களியாய்க் கிடந்தன. அந்த டப்பா ஒருநாளும் கர்ப்பமடையாது என்று மட்டும் என்னால் உறுதி கூற முடியும்.

அடுத்தது ஆண்களுக்கான ரப்பர் உறை. அக்காலத்தில் அது கனமாக இருக்கும். கழுவி, உலர்த்தி, பவுடர் போட்டு மறுபடி உபயோகிக்கலாம் என்றாள் பாய். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் உலர்த்துவது எங்கே? பத்துக் குடும்பங்களுக்கு ஒரே கொடி. ஈரத்துணிக்கு அடியில் மறைவாய்த் தொங்கவிட்டேன். காற்று துணியை விலக்கியது. "ஏட்டி, இது என்னதுட்டி? பால்புட்டி ரப்பரா? இம்புட்டுப் பெருசா இருக்கு?" என்று அக்காள் கேம்புக்கே கேட்கும்படி விசாரித்தாள். என் கணவர் அன்றோடு அதைத் தொட மறுத்துவிட்டார். புதிதாக வாங்கி வரச்சொல்லி மருந்துக்கடைக்கு அனுப்பினேன். கடையில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் வேலை பார்த்தார். ஆகவே என் கணவர் போகும்போதெல்லாம் ஒரு தலைவலித் தைலத்தோடு திரும்பி வந்தார். எங்கள் அலமாரியில் ஐந்து தைலப் புட்டிகள் சேர்ந்தன. எனக்கு இருந்தது தலைவலியன்று.

அதன்பிறகு லூப் வந்தது. மைதானத்தில் கூடாரம் அடித்து, ஒலிபெருக்கியில் பாட்டு வைத்து, பெண்களுக்கு உள்ளே வளையம் பொருத்தினார்கள். அது மெதுவாக ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்று குழாயடியில் சொன்னார்கள். கணவனுக்கு மின்சாரம் அடிக்கும் என்றார்கள். இரண்டாவது வதந்தி மெய்யாயிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியதுண்டு. எனக்குப் பொருத்திய வளையம் நெஞ்சுக்கு ஏறவில்லை. ஆனால் மாதத்தில் பதினைந்து நாள் உதிரம் போயிற்று. வேறொருத்தியாயிருந்தால் தாங்கியிருப்பாள், தாங்கியவர்கள் அநேகர் உண்டு. எனக்கோ பொதி தூக்குகிறவர்களிடம் இரவல் வாங்கிய ரத்தம். இரண்டு மாதத்தில் டாக்டரம்மாள் அதை எடுத்துவிட்டார். "அப்ப எனக்கே ஆபரேசன் செஞ்சுருங்க" என்று கேட்டேன். வயிற்றைத் திறக்கிற அளவுக்கு உடம்பில் ரத்தமில்லை, ஏறினால் பார்க்கலாம் என்றார்.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். மாத்திரை, வளையம், வயிற்றுக் கத்தி எல்லாம் யாருடைய உடம்புக்குள் போவதற்கென்று ஏற்பட்டவை? ஆணுக்கென்று ஏற்பட்ட அறுவைச் சிகிச்சை ஒன்றுதான் மிச்சம். வயிற்றைத் திறப்பதில்லை, படுக்கையில் கிடத்துவதில்லை, நடந்து போய் நடந்து வரலாம். அதற்குத்தான் அரசாங்கம் பணமும் கொடுத்து, பாட்டும் போட்டு, காலில் விழாத குறையாக ஆண்களை அழைத்துக்கொண்டிருந்தது. பிரசவத்துக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கும் யாரும் பாட்டுப் போட்டதில்லை.

சுகாதாரப் பாய் ஒரு மாலை எங்கள் அறைக்கு வந்து, "பந்த்ரா மினிட் கா காம் ஹை, பாவ்" என்று என் கணவரிடம் பணிவாகச் சொன்னாள். பதினைந்து நிமிட வேலைதான், அண்ணாச்சி. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் போனபின் திரும்பி வந்தார்.

"பஞ்சுப் பொதி தூக்குத ஆளு நான். நரம்பை அறுத்துட்டான்னா நாளைக்குப் பொதியை யாரு தூக்குவா? உங்கப்பனா?"

"பொதியத் தோளாலயும் இடுப்பாலயும்தான தூக்குதிய? இல்ல, அதாலயா தூக்குதிய?"

சேலைத் தடுப்புக்கு அப்பாலிருந்து கொழுந்தன் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. என் கணவருடைய முகம் கறுத்தது. "நாலு பேரு சிரிக்க மாட்டானா? மில்லுல தலை காட்ட முடியுமா?" என்றார். அப்பொழுதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. ஊசியும் அன்று, நரம்பும் அன்று. நாலு பேர் சிரிப்புக்கும் என் உயிருக்கும் நடுவே அந்த மனிதர் திகைத்து நின்றார். அன்றுமுதல் அவரைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொழுந்தனோடு படுக்கச் சொல்லிவிட்டு, நான் இந்தப் பக்கம் பிள்ளைகள் நடுவே படுத்தேன். அதுவும் ஒரு முறைதான். ஆனால் அது எத்தனை நாள் நிற்கும் என்பதை இருவரும் அறிந்திருந்தோம்.

எங்கள் கேம்பில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீட்டு ஜெபக்கூட்டம் உண்டு. வாரம் ஓர் அறையில் நடக்கும். பாட்டும் வசனமும் முடிந்தபின் உபதேசியார், "விண்ணப்பம் உள்ளவர்கள் சொல்லலாம்" என்பார். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் குறையைச் சொல்வார்கள்: வேலை நிரந்தரமாக வேண்டும், மகள் பரீட்சையில் தேற வேண்டும், இருமல் நிற்க வேண்டும். சொல்லப்பட்ட எதையும் தள்ளுவதற்கு உபதேசியாருக்கு அதிகாரம் கிடையாது. எல்லாரும் கண்ணை மூடி ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள். அதுமட்டுமன்றி, மறுவாரம் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நினைவுபடுத்தி, "பதில் கிடைத்ததா?" என்று கேட்பதும் வழக்கம். ஊரில் சிறுமியாயிருந்த காலந்தொட்டே நான் அறிந்திருந்த இவ்வழக்கத்தின் வல்லமை, அந்த வெள்ளிக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உதித்தது.

அன்று கூட்டம் அக்காளின் அறையில். சுமார் முப்பது பேர். என் கணவர் வாசலருகே ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். விண்ணப்ப வேளையில் நான் எழுந்தேன்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். அடுத்த பிள்ளை உண்டானா நான் பிழைக்க மாட்டேன்னு டாக்டர் ரெண்டு தடவை சொல்லியாச்சு. எனக்கு ஆபரேசன் செய்ய உடம்புல ரத்தம் இல்ல. எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பதினஞ்சு நிமிச ஆபரேசன் இருக்கு. அதுக்கு அவுகளுக்குப் பயமா இருக்கு. ஆண்டவர் அவுகளுக்குத் தைரியம் குடுக்கணும்னு எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்க."

அறையில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சகோதரி, இப்படிப்பட்ட காரியத்தைத் தனிமையில்..." என்று தொடங்கினார்.

"ஐயா, போன வாரம் உங்க மூலத்துக்கு ஜெபிச்சோமே, அது பொதுவுலதான?" என்றாள் என் பின்னாலிருந்து அக்காள்.

உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். "சகோதரர் கடந்துபோக வேண்டிய அந்தச் சிறிய பாதையிலே" என்று அவர் மிகவும் கண்ணியமாக ஜெபித்தார். அக்காள் அவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. "ஆண்டவரே, அந்த மனுசன் கத்தியக் கண்டு ஓடாமப் பிடிச்சு வையும். மூணு பிள்ளையளும் தாயில்லாமத் தெருவுல நிக்காம இருக்கணும்" என்று எல்லாக் குரல்களுக்கும் மேலாக முழங்கினாள். பெண்கள் பக்கம் அழுகை எழுந்தது. ஆண்கள் பக்கத்தில் கண்கள் என்றுமில்லாத பக்தியோடு இறுக மூடியிருந்தன. தத்தம் மனைவிமாருக்கும் இந்த யோசனை தோன்றிவிடக் கூடாதே என்று அவர்கள் ஜெபித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அடிப்பாரோ என்று அஞ்சினேன், அடிக்கவில்லை. மூன்று நாள் சோற்றை என் கையால் வாங்காமல் தானே போட்டுத் தின்றார். செய்தி அவருக்கு முன்னே மில்லுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் அங்கே நடந்தது அவர் எதிர்பார்த்ததன்று. ரத்தம் கொடுத்த நால்வரில் ஒருவர், "என்னவே, தைரியம் வந்துட்டா?" என்று மெய்யான அக்கறையோடு கேட்டாராம். அடுத்தவர், தானும் ஜெபித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாராம். சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பார். ஜெபிக்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது?

மறு வெள்ளிக்கிழமை உபதேசியார் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது கூரையைப் பார்த்தபடி, "அந்த விண்ணப்பம்..." என்றார்.

"இன்னும் பதில் வரல ஐயா."

மறுபடியும் முப்பது பேர் ஜெபித்தார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை உபதேசியார் வாய் திறக்குமுன், வாசலருகே என் கணவர் எழுந்து நின்றார்.

"போதும். திங்கக்கிழமை போறேன். இனி எனக்காவ ஒருத்தரும் ஜெபிக்காண்டாம்."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

திங்கட்கிழமை நானும் உடன் போனேன். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஏளா, பொதி தூக்க முடியாமப் போச்சுன்னா?" என்றார். "நான் தூக்குதேன்" என்றேன். உள்ளே போனார். வெளியே பெஞ்சில் இருந்த அந்த நேரம் என் வாழ்நாளில் மிக நீண்டது. எனினும் கைக்கடிகாரம் கட்டியிருந்த ஒருவர் இருபது நிமிடம் என்றார். கால்களைச் சற்று அகட்டி வைத்து நடந்து வந்து, "இம்புட்டுத்தானா?" என்றார் என் கணவர், ஏமாற்றம் அடைந்தவர்போல.

டாக்டர் ஓர் எச்சரிக்கை செய்திருந்தார்: உடனே பலிக்காது, மூன்று மாதம் பொறுத்துப் பரிசோதனை செய்து, விந்தில் உயிரணு இல்லை என்று தெரிந்தபின்னரே நம்ப வேண்டும். கேம்பில் வேறு சிலர் இதைக் காதில் வாங்காமல் மறுமாதமே மனைவி வாந்தியெடுக்கக் கண்டு, அவள்மேல் சந்தேகப்பட்டு, குடும்பத்தையே குலைத்துக்கொண்டதுண்டு. நான் விடவில்லை. மூன்று மாதமும் பிள்ளைகள் நடுவிலேயே படுத்தேன். "அறுத்த பிறகுமா?" என்று தடுப்புக்கு அப்பாலிருந்து ஒரு பரிதாபக் குரல் வரும். பரிசோதனை நாளன்று டாக்டரம்மாள் சீட்டைப் படித்துவிட்டு, "பஸ். கதம்" என்றார். முடிந்தது. நான் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், மானமில்லாமல் அழுதேன். என் கணவர் சுவரிலிருந்த விளம்பரத்தை மிகக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார். அது மராத்தியில் இருந்தது, அவருக்கு மராத்தி வாசிக்கத் தெரியாது.

அவருடைய பலம் எங்கும் போகவில்லை. தோளில் பொதியேற்றி, பிரிவு முழுவதும் பார்க்க நடந்து காட்டினாராம். அதன்பின் அவர் இவ்விஷயத்தில் ஒரு பண்டிதராகவே ஆகிவிட்டார். எதிர் அறை அக்காளுக்கு எட்டாவது பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கும் அந்தப் பிரசவத்தில் வலிப்பு வந்து, இனிக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவளுடைய கணவரோ, என் விண்ணப்பத்துக்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்.

ஒருநாள் காலை குழாயடி வரிசையில் அவரை நிறுத்தி வைத்து என் கணவர் போதித்துக்கொண்டிருந்தார். "யாரு சொல்லியும் போவலவே. நானாத்தான் போய்ப் படுத்தேன். வீட்டுல பொம்பள சாகக் கெடக்கும்போது ஆம்பள யோசிக்கலாமா? பதினஞ்சே நிமிசம். எறும்பு கடிச்சாப்ல இருக்கும்."

அக்காளின் கணவர் குடம் நிரம்பி வழிந்தும் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காள் கைப்பிள்ளையோடு என் பக்கத்தில் நின்றாள். முப்பது பேருக்கு மேலாக முழங்கியவள் அல்லவா? இப்பொழுது என் முகத்தைப் பார்த்து, தன் கணவருக்கு நன்றாகக் கேட்கும்படி கேட்டாள்:

"ஏட்டி, மெய்யாவா? இவரு தானாவா போனாரு?"

"ஆமாக்கா" என்றேன். "அவுகளாத்தான் போனாக."